முதல் போட்டோ ஷூட்: கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்

(நம் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில், பி பிளாக்கில் குடியிருக்கும் புகைப்படக்காரர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த இதழில் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டு இறங்கி வந்திருக்கும் பெரியவர்களுக்கும், கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் நன்றி.

செயலாளர் சார் என்னிடம் சொன்னது இதுதான்: "நம்ம பசங்க நிறைய பேர் கேமரா வாங்கிட்டாங்க. மொட்டை மாடியில அடிக்கடி போட்டோ ஷூட் நடக்குது. அதைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க." எந்த கேமரா வாங்கலாம், எந்த லென்ஸ் நல்லது என்று பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதையும் கொஞ்சம் சொல்கிறேன். ஆனால் மாடல் ஒருவரை நிற்க வைத்து முதல் முறையாகப் படம் எடுக்கப் போகிறவருக்கு கேமரா கடைசிக் கவலைதான். முதல் கவலை எதிரே நிற்கப் போகும் மனிதர்.

இதுவரை நீங்கள் பூ எடுத்திருப்பீர்கள், காக்கை எடுத்திருப்பீர்கள், மயிலாப்பூர் கோபுரம் எடுத்திருப்பீர்கள். கோபுரத்துக்குக் கூச்சம் கிடையாது. பசிக்காது, வியர்க்காது. "இந்தப் படத்தை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்காது. மனிதர் கேட்பார். வாய் விட்டுக் கேட்காவிட்டாலும் அவர் முகம் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத முகம் படத்தில் இறுக்கமாகத்தான் இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அந்த இறுக்கம் போகாது.

உலகத்தில் பெரும்பாலோர் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறேன். பச்சை நிறக் கண்கள், சிவப்பு முக்காடு, ஆப்கானிஸ்தான் சிறுமி. 1984-இல் பாகிஸ்தானில் இருந்த ஓர் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் வந்தது. உலகமெங்கும் சுவரொட்டியாக, புத்தக அட்டையாகப் போனது. அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது உலகத்துக்குத் தெரிய 2002 ஆயிற்று. பதினேழு, பதினெட்டு வருடம். அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தபோதுதான் அந்தப் படத்தை அவரே முதன்முதலாகப் பார்த்தார் என்று பதிவு செய்திருக்கிறார்கள். படம் உலகம் சுற்றியது, படத்தில் இருந்தவருக்குச் சேதி போகவில்லை. எடுத்தவர் திறமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயர் கேட்பது, படத்தைக் காட்டுவது, எங்கே போகிறது என்று சொல்வது ஆகிய மூன்றும் திறமையில் சேராத தனி வேலைகள். அது போர்க்காலம், அகதி முகாம். நமக்கு அந்தச் சாக்கு எதுவும் இல்லை. நம் மாடல் ஏ பிளாக்கில் இருக்கிறார்.

சரி, எப்படித் தயாராவது? ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் பேச்சு. ஷூட்டுக்கு ஒரு வாரம் முன்னால் மாடலோடு உட்கார்ந்து பேசுங்கள். வாட்ஸ்அப்பில் "சண்டே ஃப்ரீயா?" என்று ஒரு வரி அனுப்புவது பேச்சு ஆகாது. என்ன மாதிரிப் படம் மனதில் இருக்கிறது என்று பத்துப் படமாவது எடுத்துக் காட்டுங்கள். "இந்த மாதிரி வெளிச்சம், இந்த மாதிரி நிற்பது, இந்த மாதிரி உடை." பார்த்துவிட்டு அவர் "இது சரி, இது வேண்டாம்" என்று சொல்லட்டும். வேண்டாம் என்றதை அப்போதே அழித்துவிடுங்கள். ஷூட் நாளன்று, அவர் தயங்கி நிற்கும்போது, "ஒண்ணே ஒண்ணு, ப்ளீஸ்" என்று அதைத் திரும்பக் கொண்டு வராதீர்கள். ஒத்துக்கொள்ளாததை எடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒத்துக்கொண்டதில் அவர் முழு மனதோடு நிற்பார்.

கூடவே இன்னொன்றும் நீங்களே சொல்ல வேண்டும். "துணைக்கு யாரையாவது அழைச்சிட்டு வாங்க." அம்மா, அக்கா, தோழி, தம்பி, யாராக இருந்தாலும் சரி. மாடல் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. துணைக்கு வந்தவரைச் சும்மா உட்கார வைக்காதீர்கள், வெளிச்சத்தைத் திருப்பும் தெர்மாகோல் அட்டையைக் கையில் கொடுங்கள். உங்களுக்கு ஓர் உதவியாள், அவருக்கு ஒரு தைரியம். துணை வேண்டாம் என்று சொல்லும் புகைப்படக்காரர் யாராக இருந்தாலும் அந்த ஷூட்டுக்குப் போகாதீர்கள். இதை இங்கே இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டாவது, காகிதம். இதைக் கேட்டதும் "நாங்க ஃப்ரெண்ட்ஸ்தான் அங்கிள், எதுக்கு அக்ரிமென்ட்?" என்பார்கள். ஃப்ரெண்ட்ஸ் என்பதால்தான் எழுதச் சொல்கிறேன். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-ஆம் வருடத்தது. அதன்படி ஒரு படத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை எடுத்தவர். ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக எடுக்கச் சொன்னால் மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்த உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும். நம் வீட்டுக் கல்யாண ஆல்பம் அந்த வகை. ஆனால் நட்புக்காக உங்கள் கேமரா முன் நிற்கும் மாடலுக்கு அந்தப் படத்தில் காப்புரிமை கிடையாது. முகம் அவருடையது, படம் உங்களுடையது. இந்த இடைவெளியை நிரப்புவது நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளும் அரைப்பக்கக் காகிதம்தான்.

அரைப்பக்கத்தில் என்ன எழுதுவது? இரண்டு பேர் பெயர், தேதி, இடம். என்ன மாதிரிப் படங்கள். எங்கே போடலாம்: உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம், போட்டிகள், கண்காட்சி. எங்கே போடக் கூடாது: விளம்பரம், விற்பனை, வேறு ஆளுக்குக் கொடுப்பது. மாடலுக்கு எத்தனை படம், எந்தத் தேதிக்குள். பணம் உண்டா, இல்லையா. பணம் இல்லாமல், அவர் நேரம் தருகிறார், நீங்கள் படம் தருகிறீர்கள் என்று செய்வதை இந்தத் தொழிலில் டி.எஃப்.பி. என்பார்கள். பழகும் காலத்தில் அதில் தப்பில்லை. ஆனால் நாளை அந்தப் படத்தை ஒரு துணிக்கடை விலைக்குக் கேட்டால், மறுபடி மாடலிடம் போய்ப் பேசி, அவருக்கும் பங்கு கொடுத்து, புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். படங்களை விற்கும் ஸ்டாக் தளங்களும், அடையாளம் தெரிகிற முகத்தை வணிகப் பயன்பாட்டுக்கு விற்க, மாடலின் கையெழுத்தைக் கேட்கத்தான் செய்கின்றன.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: "ஒரு படம் பிடிக்கவில்லை என்றால், வெளியிடுவதற்கு முன் மாடல் சொல்லலாம், அது நீக்கப்படும்." இந்த ஒரு வரி ஷூட்டின் முகத்தையே மாற்றிவிடும்.

மாடலுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லையென்றால் அவர் கையெழுத்து செல்லாது. அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட வேண்டும், ஷூட் முழுக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை சொந்த விருப்பத்தில் வந்தாலும் இதுதான் விதி.

மூன்றாவது, இடமும் நேரமும். முதல் ஷூட்டுக்குத் தூர ஊர் வேண்டாம். மாமல்லபுரம் அழகுதான். ஆனால் தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைப்பதற்கே முன் அனுமதி வேண்டும், கூட்டம் வேறு. நம் குடியிருப்பிலேயே நல்ல வெளிச்சம் இருக்கிறது. காலை நேரத்துப் படிக்கட்டுத் திருப்பம், கிழக்குப் பார்த்த பால்கனி, கார் பார்க்கிங்கில் வெயில் எட்டாத ஆனால் வெளியைப் பார்த்த ஓரம். நேர் வெயிலில் முகத்தை வைத்தால் கண் சுருங்கும், மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். வெயில் படாத இடத்தில் நிற்க வைத்து, வெளிச்சம் வரும் திசையைப் பார்க்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

சென்னையில் டிசம்பர், ஜனவரியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் வரும். மே, ஜூனில் ஐந்தே முக்காலுக்கே வந்துவிடும். உதித்த பிறகு ஒரு மணி நேரம், சாயங்காலம் மறைவதற்கு முன் ஒரு மணி நேரம் மொட்டை மாடி நன்றாக இருக்கும். பகல் பதினொரு மணிக்கு மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நிற்க வைப்பது படம் எடுப்பது அல்ல, தண்டனை.

ஷூட்டுக்கு முந்தின நாள், அதே நேரத்தில், அந்த இடத்துக்குத் தனியாகப் போய் நின்று பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, பின்னால் தண்ணீர்த் தொட்டியின் பைப் தெரிகிறதா, எதிர் வீட்டுப் பால்கனியில் யாராவது துணி காயப்போடுவார்களா. மாடலை நிற்க வைத்துக்கொண்டு இதையெல்லாம் தேடினால், தன்னிடம்தான் ஏதோ சரியில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

உடை மாற்ற வேண்டியிருந்தால், தாழ்ப்பாள் உள்ள அறை ஏற்பாடு செய்யுங்கள். மாடலின் வீடே பக்கத்தில் இருந்தால் அதுதான் உத்தமம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காருக்குள், துப்பட்டாவை விரித்துப் பிடித்து என்பதெல்லாம் கூடாது. ஒருவருடைய அந்தரங்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள். ஆனால் அந்த மாதிரி சந்தேகம் வருவதற்கே இடம் கொடுக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

நான்காவது, சாமான். கேமரா வைத்திருப்பவர்கள் காது கொடுத்துக் கேளுங்கள், இது உங்கள் பகுதி. கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் போதும். ஆனால் 18-இல் வைத்துக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். 55 பக்கம் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். 50 எம்.எம். அல்லது 85 எம்.எம். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பின்னணி மங்கலாக வேண்டும் என்று எல்லோரும் எஃப் 1.8-இலேயே எடுக்கிறார்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 எம்.எம். லென்ஸை 1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரு கண் தெளிவாக இருக்கும், இன்னொரு கண் மங்கிவிடும். எஃப் 4-க்குப் போங்கள். ஷட்டர் 1/200-க்குக் குறைய வேண்டாம், மனிதர் அசைவார்.

நம் ஊர் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகப் பார்க்கப் பழகியது. கறுப்பான முகத்துக்குப் பின்னால் வெளுத்த வானம் இருந்தால் முகத்தை இருட்டாக்கிவிடும். அப்போது முகத்தை வைத்து மீட்டர் பாருங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மார்பு உயரத்தில் பிடித்தால் கண்ணில் ஒளி வரும். கலர் பிலிம் காலத்தில் லேபில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்த அளவுகோலைச் சுமந்துகொண்டு இன்று நம் பிள்ளையின் முகத்தைச் சாப்ட்வேரில் வெளுக்க வைக்க வேண்டியதில்லை. பரு நேற்று வந்தது, நாளை போய்விடும், அதை எடுக்கலாம். நிறம் அவருடையது, அதைத் தொடாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: சார்ஜ் ஏற்றிய இரண்டு பேட்டரி, காலி மெமரி கார்டு இரண்டு, சேஃப்டி பின், ஹேர்பின், சீப்பு, டிஷ்யூ, குடிதண்ணீர், பிஸ்கட் பாக்கெட். உடைக்கு மாடலிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பொடிக் கோடு போட்ட சட்டை வேண்டாம், படத்தில் அலை அலையாக மின்னும். பெரிய எழுத்து போட்ட டி-ஷர்ட் வேண்டாம், கண் எழுத்துக்குத்தான் போகும். மற்றபடி அவருக்கு எது வசதியோ அது. அடிக்கடி இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டிய உடையில் யாராலும் இயல்பாக நிற்க முடியாது.

ஐந்தாவது, ஷூட் நாள். வந்த உடனே கேமராவை எடுக்காதீர்கள். டீயோ தண்ணீரோ கொடுத்துப் பத்து நிமிடம் பேசுங்கள். முதல் இருபது படம் எப்படியும் சரியாக வராது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்கும் பாரம் குறையும்.

"சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் வருவது ஆதார் கார்டு முகம். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "ஜடையை முன்னால போடுங்க." "அந்தக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுட்டுக் கீழே யார் போறாங்கன்னு பாருங்க." "உங்க பாட்டி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" கை வேலையில் இருக்கும்போது முகம் தானாக வந்து சேரும்.

தொடாதீர்கள். முந்தானை விலகியிருக்கிறது, முடி கண்ணில் விழுகிறது என்றால் வாயால் சொல்லுங்கள், அல்லது உங்கள் மேலேயே செய்து காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் துணைக்கு வந்தவரிடம் சொல்லுங்கள். உடம்பைப் பற்றிய பாராட்டும் வேண்டாம். "வெளிச்சம் நல்லா விழுது", "இந்தப் பார்வை நல்லா இருக்கு" என்பது போதும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேமராத் திரையைக் காட்டுங்கள். எதிரே நிற்பவருக்குத் தான் எப்படித் தெரிகிறோம் என்பதே தெரியாது. ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டால் தோள் தானாக இறங்கும். முதல் முறைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள்.

ஆறாவது, வீட்டுக்குப் போன பிறகு. அன்றைக்கே படங்களை இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். மாடலுக்குச் சொன்ன தேதியில் படம் போய்ச் சேர வேண்டும். நம் பிள்ளைகள் பலர் நழுவுவது இங்கேதான். நானூறு படம் எடுப்பார்கள், தங்களுக்குப் பிடித்த மூன்றைப் போடுவார்கள், நின்றவருக்கு இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒன்று வரும். அவர் தந்த காலை நேரத்துக்கு அதுதான் கூலியா? இருபது படம் என்று எழுதியிருந்தால் இருபது படம், முழு அளவில்.

போடுவதற்கு முன் மாடலிடம் காட்டுங்கள். "இது வேண்டாம்" என்றால் காரணம் கேட்காதீர்கள். போடும்போது அவர் சம்மதித்தால் மட்டும் பெயர் போடுங்கள். இடம் போடாதீர்கள். நம் குடியிருப்பின் பெயர்ப்பலகை, பிளாக் எண், கார் நம்பர் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. போனில் எடுத்த படத்துக்குள் இடத்தின் குறிப்பும் பதிவாகியிருக்கலாம். லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். ஒரு பெண் எந்த மாடியில் தினம் மாலை நிற்கிறார் என்பதை ஊருக்குச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம்.

இப்போது பெற்றோர்களுக்கும் பெரியவர்களுக்கும் சில வார்த்தை. "என்னை போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க" என்று பிள்ளை வந்து சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்று முதல் வாக்கியத்திலேயே கதவைச் சாத்திவிடாதீர்கள். சாத்தினால் அடுத்த முறை சொல்லாமல் போவார்கள். அதற்குப் பதில் ஐந்து கேள்வி கேளுங்கள். எடுக்கிறவர் யார், அவர் எடுத்த பழைய படங்களைப் பார்த்தாயா? அதில் நின்ற யாரிடமாவது பேசினாயா? எங்கே, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? கூட யார் வருகிறார்கள்? படம் எங்கே போகும், எழுதிக் கொடுத்தாரா? "போர்ட்ஃபோலியோவுக்கு முதல்ல பணம் கட்டுங்க, அப்புறம் சினிமா சான்ஸ்" என்று யாராவது சொன்னால் ஆறாவது கேள்வியே வேண்டாம், விலகிவிடுங்கள். ஐந்துக்கும் நேரான பதில் இருந்தால் அனுப்புங்கள். முடிந்தால் நீங்களே துணைக்குப் போங்கள். தெர்மாகோல் பிடிக்க ஆள் எப்போதும் தேவை.

அசோசியேஷனுக்கும் ஒரு வேண்டுகோள். மொட்டை மாடியில் எடுப்பதைத் தடை செய்ய வேண்டாம். தடை செய்தால், ஆள் நடமாட்டம் இல்லாத, நமக்குத் தெரியாத இடத்துக்குப் போவார்கள். இங்கே செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார், நூறு ஜன்னல் இருக்கிறது. அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்து, யார், எந்த நேரம், எந்த இடம் என்று ஒரு நாள் முன்னால் எழுதச் சொல்லுங்கள். எடுப்பவர்களும் மற்ற வீட்டு ஜன்னல், விளையாடும் குழந்தைகள், நீச்சல் குளம் இருக்கும் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

தம்பி தங்கைகளே, மறுபடியும் உங்களுக்கு. உங்கள் முதல் ஷூட்டில் பிரமாதமான படம் வராமல் போகலாம். ஃபோகஸ் தப்பலாம், வெளிச்சம் ஏமாற்றலாம். அதெல்லாம் பத்தாவது ஷூட்டுக்குள் சரியாகிவிடும். முதல் ஷூட்டில் நின்றவர், இரண்டாவது முறை நீங்கள் கூப்பிட்டால் வருவாரா என்பதுதான் பரீட்சை. வந்தால் நீங்கள் புகைப்படக்காரர் ஆகிவிட்டீர்கள்.

அரைப்பக்க ஒப்பந்தத்தின் தமிழ் மாதிரி ஒன்று எழுதி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். தெர்மாகோல் அட்டையும் என் வீட்டில் நாலு இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.